கொடையும் குடவோலையும்

திருச்சிற்றம்பலம்

நம் முன்னோர் திருக்கோயிற் சுவர்களிலே இருவகைச் செய்திகளைப் பொறித்து வைத்தனர். ஒன்று கொடை பற்றியது. நந்தா விளக்கு ஒன்று எரித்தற்குச் சாவா மூவாப் பேராடு 96 ஈந்தார் இன்னார், திருவமுதுக்கு நிலம் விட்டார் இன்னார் என்று கூறும் கல்வெட்டுக்கள் தமிழகமெங்கும் உள. மற்றொன்று ஊராட்சி பற்றியது. முதற் பராந்தக சோழர் காலத்தில், கி.பி. 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் உத்திரமேரூரில் வெட்டப்பெற்ற சாசனங்கள், ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, குடவோலை வாயிலாக வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரை மீண்டும் குடத்தில் இடலாகாது என்னும் விதியும் அவற்றுள் உண்டு. ஆயினும் சொந்த நிலமும் சொந்த மனையும் மறைக்கல்வியும் உடையாரையே அம்முறை ஏற்றது. ஏனையோர் பெயர் குடத்தினுட் புகுந்ததில்லை.

கொடையும் குடவோலையும் ஒரே கல்லின் இருபுறம் போன்றவை. செல்வமுடையான் ஒருவன் ஊருக்கு ஈகின்றான். ஊரார் அவனை நம்பி ஓலையிடுகின்றனர். இவ்விரண்டிற்கும் உள்ள உறவு யாது? ஈந்தவன் என்பதனாலேயே ஆளும் உரிமை ஒருவனுக்கு வந்துவிடுமா? நன்கொடையாளர் பலர் பெயர் பொறிக்கப்பெறும் இக்கும்பாபிடேக மலரிலே இவ்வினாவை எழுப்புதல் பொருத்தமே என்று எண்ணி, கோயில் கட்டியும் கல்லூரி நிறுவியும் தேர்தலில் நின்றும் வாழ்ந்த ஒரு சைவப் பெருவள்ளலின் வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தேன். அவர் ஈழநாட்டுச் சர் பொன்னம்பலம் இராமநாதர்.

அடியேன் ஆதீனத்தை அண்டிக் கல்வி பயின்ற நாளிலே, யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரவர்களின் பதிப்புக்களே எம் கையிலிருந்த நூல்கள். 1849-ஆம் ஆண்டில் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டம் அளித்தமையால், ஈழத்துச் சைவ வரலாறும் எமக்கு வீட்டு வரலாறாகவே தோன்றிற்று. இராமநாதர் பெயரை யான் முதலிற் கேட்டது நாவலர் சரித்திரத்தின் வழியாகத்தான். ஒருவரைப் புகழுங்கால் அவர் ஈந்ததை மட்டுமன்றி, ஈய மறுத்ததையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பது எம் ஆசிரியர் எமக்குக் கற்பித்த முறை. அம்முறையையே இங்கும் கைக்கொள்வேன்.

இராமநாதர் 1851-ஆம் ஆண்டு ஏப்பிரல் 16-ஆம் நாள் கொழும்பிற் பிறந்தார். தந்தையார் யாழ்ப்பாணத்து மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட அருணாசலம் பொன்னம்பல முதலியார். தாய்மாமனார் சர் முத்துக்குமாரசுவாமி, இலங்கைச் சட்டநிரூபண சபையில் தமிழர் சார்பில் அமர்ந்திருந்தவர். கலைஞானி ஆனந்த குமாரசுவாமியின் தந்தையார். இராமநாதர் கொழும்பிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று வழக்கறிஞரானார். அவருடைய இளவல் பொன்னம்பலம் அருணாசலமும் பின்னாளிற் பெரும்புகழ் எய்தினார்.

1879-ஆம் ஆண்டு மே மாதத்தில் சர் முத்துக்குமாரசுவாமி சிவபதம் அடைந்தபோது, சபையில் அவ்விடம் வெறுமையாயிற்று. அந்நாளில் தேர்தல் இல்லை. தேசாதிபதி எவரை நியமிக்கின்றாரோ அவரே தமிழ்மக்களின் பிரதிநிதி. வேறொருவர் பெயரும் அப்போது பேசப்பட்டது. நாவலரவர்கள் சும்மா இருந்தாரல்லர். தமிழரின் கருத்து யாதென்பதை அரசினர் அறிதல் வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் மக்களைக் கூட்டி, இராமநாதரையே நியமித்தல் வேண்டுமெனத் தீர்மானிக்கச் செய்தார். இருபத்தெட்டே வயதான அவ்விளைஞர் நியமனமும் பெற்றார். அவ்வாண்டு திசம்பரிலேயே நாவலர் பெருமானும் இறைவன் திருவடி நிழலை அடைந்தார். வாக்குரிமை இல்லாத காலத்திலும் மக்கள் குரலைக் கேட்பித்தல் வேண்டும் என்று முனைந்தவர் ஒரு சைவத் துறவுள்ளத்தினர் என்பதை நாம் மறத்தலாகாது. இராமநாதரின் பொதுவாழ்வுக்குக் கால்கோள் அதுவே.

1892 வரை அவர் சபையில் இருந்தார். தம்மினத்தார்க்கு மட்டுமே பேசும் உறுப்பினராக அவர் ஒடுங்கினாரல்லர். பௌத்தர்கள் தம் வைகாசிப் பூரணை நாளை அரசாங்க விடுமுறையாக்கக் கோரியபோது, சைவராகிய இராமநாதர் அவர்களுக்குத் துணைநின்றார். 1885-இல் வெசாக் விடுமுறை கிட்டிற்று. பின்னர்ச் சொலிசிட்டர் ஜெனரல் எனும் அரசாங்க வழக்கறிஞர் பதவியை ஏற்று அரசியலினின்று விலகியிருந்தார்.

இதற்கிடையே அவருடைய அகவாழ்வும் கனிந்து வந்தது. தஞ்சையில் வாழ்ந்த அருள்பரானந்த சுவாமிகள் என்னும் ஞானியாரைக் குருவாகக் கொண்டு, யோகமும் ஞானநூலும் பயின்றார். கிறித்தவ மறையாகிய மத்தேயு, யோவான் சுவிசேடங்களுக்கும் சைவ நோக்கில் ஆங்கில உரை வரைந்தார். 1905, 1906-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா சென்று ஆன்ம ஞானம் பற்றி உரையாற்றினார். பகவத்கீதைக்குத் தமிழில் விரிவுரையும் எழுதினார்.

ஊர் திரும்பியபின் அவர் மேற்கொண்ட முதற் பெருந்திருப்பணி கோயிற்பணி. கொழும்பு கொச்சிக்கடையில் தம் தந்தையார் எடுப்பித்த பொன்னம்பலவாணேசுவரர் திருக்கோயிலைக் கருங்கற்றளியாக மாற்றத் தொடங்கினார். 1907-இல் தொடங்கிய திருப்பணி 1912-இற் குடமுழுக்குக் கண்டது. கல்லிலே தூணும் போதிகையும் திருச்சுற்றும் அமைத்துத் தென்னாட்டுச் சிற்பமரபு விளங்க அவர் எடுத்த அத்தளி, இன்றும் கொழும்பு நகரின் நடுவே சிவகாமியம்மை சமேதராய்ப் பெருமான் வீற்றிருக்கும் கோயிலாய்த் திகழ்கின்றது. திருப்பணி செய்து பார்த்தவர்க்கே அதன் அருமை தெரியும். கல் வந்து சேர்தலும், தச்சர்க்குக் கூலி கொடுத்தலும், ஒரு தூண் பிளந்தால் மற்றொன்று தேடுதலும் எத்துணைப் பொறுமை வேண்டுவன!

அத்திருப்பணி நடந்துகொண்டிருந்தபோதே தேர்தல் அவரை அழைத்தது. 1910-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி சபையின் உறுப்பினர் தொகை 21 ஆயிற்று. அவருள் 11 பேர் அரசாங்க உத்தியோகத்தர். 10 பேர் ஏனையோர். அப்பத்தின்மருள்ளும் நால்வரே தேர்தலால் வருவோர். ஐரோப்பியர்க்கு இரண்டு, பறங்கியர்க்கு ஒன்று, 'படித்த இலங்கையர்' என்னும் தொகுதிக்கு ஒன்று. சிங்களவர், தமிழர் என்னும் வேற்றுமையின்றி இலங்கை முழுவதற்கும் அஃது ஒரே தொகுதி. ஆனால் 'படித்த' என்னும் அடைமொழியைக் கவனித்தல் வேண்டும். ஆங்கிலக் கல்வியும் பொருள்வளமும் உடைய ஆடவர் ஏறத்தாழ மூவாயிரவர்க்கே வாக்கு இருந்தது. உத்திரமேரூர்க் குடத்தை இங்கே நினைவு கூர்க.

1911-ஆம் ஆண்டு திசம்பரில் தேர்தல் நிகழ்ந்தது. இராமநாதரை எதிர்த்து நின்றவர் சிங்களவரும் புகழ்பெற்ற மருத்துவருமாகிய மார்க்கஸ் பெர்னாண்டோ. இராமநாதர்க்கு அப்போது அறுபது வயது. அவர் 1,645 வாக்குப் பெற்றார். பெர்னாண்டோ 981 வாக்குப் பெற்றார். இலங்கைச் சட்டநிரூபண சபைக்கு இந்நாட்டவர் வாக்களித்துத் தம் பிரதிநிதியைத் தேர்ந்த முதல் தேர்தல் அதுவே. அதில் வென்றவர் ஒரு தமிழர், சிவனடியார், சிங்களவர் பலருடைய வாக்கையும் பெற்றவர் என்பது எண்ண எண்ண உவகை தருவது.

உவகையோடு உண்மையையும் சொல்லவேண்டும். அவ்வெற்றிக்கு இன ஒற்றுமை ஒன்றே காரணம் அன்று. மார்க்கஸ் பெர்னாண்டோ கராவ குலத்தவர். அவர் வெல்லுதலை விரும்பாத கொவிகம குலத்தாருட் பலர், தமிழராயினும் உயர்குலத்தவர் என்று கருதி இராமநாதர்க்கு வாக்களித்தனர் என்று வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். சாதி என்னும் களை முதற் தேர்தலின் வயலிலேயே முளைத்திருந்தது.

எனினும், எக்காரணத்தால் வந்த வாக்காயினும் அதனைக் கடனாகக் கருதித் தீர்த்தார் இராமநாதர். 1915-ஆம் ஆண்டு மே மாத இறுதியிற் கண்டியிலே சிங்களவர்க்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டு பல ஊர்களுக்கும் பரவிற்று. அரசினர் சூன் தொடக்கத்தில் இராணுவச் சட்டம் பிறப்பித்தனர். விசாரணை முறையாக நிகழாமலே பலர் சுடப்பட்டனர். எட்வர்டு ஹென்றி பெதிரிஸ் என்னும் இளைஞர் சூலை 7-ஆம் நாள் கொல்லப்பட்டார். பின்னாளில் நாட்டின் முதற் பிரதமராகிய டி. எஸ். சேனாநாயக்கா உள்ளிட்ட சிங்களத் தலைவர் பலர் சிறையிலிடப்பட்டனர். போர்க்காலமாதலின் அரசை எதிர்த்துப் பேசுதலே இராசத்துரோகமெனக் கருதப்படும் வேளை. அவ்வேளையிற் சபையிலே எழுந்து, அதிகாரிகளின் கொடுமைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்காட்டி இராமநாதர் நீண்ட உரைகள் ஆற்றினார். அவ்வுரைகள் 1916-இல் இலண்டனில் நூலாகவும் வெளிவந்தன. கடற்போர் நிகழ்ந்த அக்காலத்தில் இங்கிலாந்து சென்று வாதாடி மீண்ட அவரை, கொழும்பு மக்கள் வண்டியிற் பூட்டிய குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தம் தோளாலேயே இழுத்துச் சென்றனர் என்பது வழிவழி வழங்கும் செய்தி.

இங்கும் மறுபக்கம் ஒன்றுண்டு. அக்கலவரத்தில் அடியுண்டவரும் கடையிழந்தவரும் முஸ்லிம்கள். அவர் துயரை இராமநாதர் போதிய அளவு எண்ணிலர் என்னும் மனக்குறை அச்சமூகத்தாரிடையே நெடுநாள் நிலவியது. ஒருவர்க்கு நீதி கேட்குங்கால் மற்றவர் கண்ணீரையும் உடன் துடைத்தல் எத்துணை அரிது என்பதற்கு இஃது ஒரு சான்று.

கோயிலும் தேர்தலும் போலவே கல்வியும் அவர்தம் உள்ளத்தை ஆட்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் பாதிரிமார் கையிலிருந்த காலம் அது. நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையில் ஏற்றிய சைவப்பிரகாச வித்தியாசாலை என்னும் விளக்கின் சுடரைப் பெண்மக்களுக்கும் கொணர விரும்பி, சைவப் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவினார். 1913-ஆம் ஆண்டு சனவரியில், மருதனார்மடத்தில் அது திறக்கப்பெற்றது. சமய ஒழுக்கமும் தமிழும் இசையும் ஆங்கிலமும் ஒருங்கு கற்கும் இடமாக அதனை அமைத்து, தம் செல்வத்தைச் சொரிந்தார். 1921-இல் திருநெல்வேலி என்னும் ஊரில் ஆண்மக்களுக்குப் பரமேசுவரக் கல்லூரியை எழுப்பி, வளாகத்தினுள்ளே சிவன் கோயிலும் அமைத்தார். அவ்வாண்டே அவருக்குச் சர் பட்டமும் கிடைத்தது. அப்பரமேசுவரக் கல்லூரி இருந்த இடத்திற்றான் 1974-இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கிற்று. 1979 முதல் அஃது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாய் விளங்குகின்றது. ஒரு வள்ளல் இட்ட வித்து, அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குள் ஆலமரமாயிற்று.

இதுகாறும் அவர் ஈந்தவற்றைக் கண்டோம். இனி ஈய மறுத்ததைக் காண்போம்.

1927-ஆம் ஆண்டு நவம்பரில் டொனமூர் பிரபு தலைமையில் ஓர் ஆணைக்குழு இலங்கை வந்தது. மறு ஆண்டில் வெளிவந்த அதன் அறிக்கை, சொத்து, கல்வி என்னும் வரம்புகளை நீக்கி மக்கள் எல்லார்க்கும், பெண்டிர்க்கும் உட்பட, வாக்குரிமை அளித்தல் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. எழுபத்தேழு வயதடைந்திருந்த இராமநாதர் அதனை முழுமூச்சுடன் எதிர்த்தார். இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிந்தால் சிறுபான்மையோராகிய தமிழர் பெரும்பான்மையோரின் தயவில் வாழ நேரும் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. அவ்வச்சத்தைப் பின்வந்த வரலாறு வீணென்று தள்ளிவிடவில்லை. ஆனால் அஃதொன்றே அவர் கூறிய காரணம் அன்று. தாழ்த்தப்பட்ட சாதியார்க்கும் பெண்டிர்க்கும் வாக்களித்தல் ஆகாது. அஃது இந்துக்களின் வாழ்க்கை நெறிக்கு முரணானது என்றும் வாதிட்டார். 1929 திசம்பரில் டொனமூர்த் திட்டம் சபையில் இரண்டே வாக்கு மிகுதியால் நிறைவேறியது. எதிர்த்தவருள் இராமநாதரும் ஒருவர். 1930-இல் முதுமையையும் பொருட்படுத்தாது இலண்டன் சென்று முறையிட்டார். பயனில்லை. அவ்வாண்டு நவம்பர் 26-ஆம் நாள் சிவபதம் அடைந்தார். அடுத்த ஆண்டு நிகழ்ந்த தேர்தலில் வாக்குரிமை பெற்றிருந்தோர் 15 இலட்சத்துக்கு மேற்பட்டோர். மூவாயிரவர் குடம் பதினைந்து இலட்சத்தவர் குடமாயிற்று.

பெண்களுக்குக் கல்லூரி கட்டிய கையே பெண்களின் வாக்கைத் தடுக்க நீண்டது. இம்முரண்பாட்டை எங்ஙனம் விளங்கிக்கொள்வது? இராமநாதரைக் கொடியவரென்று கூறுதல் பேதைமை. தம் பொருளைத் தமக்கென வைத்துக்கொள்ளாதவர் அவர். அவரைப் புகழ்ந்து இதனை மறைத்தலும் பொய்ம்மை. அடியேன் எண்ணியவாறு கூறுவேன். ஈவோன் உள்ளத்தில் நுண்ணிய மயக்கம் ஒன்று புகுதல் உண்டு. யான் தருவேன், நீ பெறுவாய்; உனக்கு நல்லது யாதென்பதை யானே அறிவேன் என்னும் மயக்கம் அது. கொடை வளருந்தோறும் அம்மயக்கமும் அறியாமலே வளரும். சைவ சித்தாந்தம் ஆணவம் என்று கூறும் மலம், தீயோரிடத்து மட்டுமன்றி நல்லோர் செய்யும் நற்செயலினுள்ளும் ஒளிந்திருப்பது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அவருடைய குடும்பத்தினுள்ளேயே மாற்றுநெறி ஒன்று இருந்தது. இளவல் சர் பொன்னம்பலம் அருணாசலம் 1915-இற் சமூக சேவைக் கழகம் கண்டு ஏழைத் தொழிலாளர் நலத்துக்கு உழைத்தார். 1919-இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற் தலைவருமானார். 1924-இல் தலயாத்திரை சென்றவிடத்து மதுரையிலே உயிர்நீத்தார். அவரும் சிவனடியாரே. ஆதலின், எளியோரை விலக்கி வைத்தல் சைவத்தின் முடிபு என்று எவரும் கூறுதற்கில்லை.

அதற்கு நம் திருக்கோயிலின் திருச்சுற்றே சான்று. அங்கே அறுபத்துமூவர் திருவுருவங்கள் வரிசையாய் நிற்கின்றன. சேரமான் பெருமாள், கோச்செங்கட்சோழர், நின்றசீர் நெடுமாறர் ஆகிய முடிமன்னர்கள் நிற்கின்ற அவ்வரிசையிலேதான் குயவராகிய திருநீலகண்டரும், பரதவராகிய அதிபத்தரும், வண்ணாராகிய திருக்குறிப்புத் தொண்டரும், தீண்டாமைக்கு ஆளான சேரியிற் பிறந்த திருநாளைப்போவாரும் நிற்கின்றனர். ஏனையோர் நிற்கக் காரைக்காலம்மையார் மட்டும் அமர்ந்திருத்தல் மரபு. அவர் ஒரு பெண்மணி. தீபாராதனைத் தட்டு இவருள் எவரையும் விட்டுவிடுவதில்லை. சேக்கிழார் பெருமான் சோழப் பேரரசின் அமைச்சராய் இருந்தவர். அவர் அமைத்த வரிசையிற் செல்வத்துக்கும் குலத்துக்கும் தனியிடம் இல்லை.

குடமுழுக்கு நாளிலே பூசலார் நாயனாரை நினையாதிருத்தல் இயலுமோ? காடவர்கோன் காஞ்சியிற் பெரும்பொருள் செலவிட்டுக் கற்றளி எடுத்தான். திருநின்றவூர்ப் பூசலார் கையிற் பொருளின்றி உள்ளத்திலே கோயில் கட்டினார். இருவரும் ஒரே நாளைக் குடமுழுக்குக்குக் குறித்தனர். இறைவன் மன்னன் கனவில் தோன்றி, பூசலார் கோயிலுக்கு யாம் செல்லவிருக்கின்றோம், நின் நாளை மாற்றிக்கொள்க என்று அருளினான். அம்மன்னனின் பெருமை அவன் எடுத்த கற்றளியில் மட்டும் இல்லை. பொருளற்ற ஒருவர்க்கு முதலிடம் என்று கேட்டவுடன் சினங்கொள்ளாது, அவரைத் தேடிச்சென்று நிலமுற வணங்கினானே, அதில் உள்ளது. கொடை நிறைவுபெறுவது அப்போதுதான்.

இராமநாதர் வாழ்வு நமக்கு இரு பாடங்களைத் தருகின்றது. தமக்கு வாக்களித்தோர் வேற்றினத்தவராயினும், துன்பக் காலத்தில் அவர்க்காக அரசை எதிர்த்து நின்றமை ஒன்று. அஃது நாம் பின்பற்றத்தக்கது. தாம் வாழ்விக்க விரும்பிய மக்களைத் தம்மோடு ஒப்ப அமர்த்த மனம் இசையாமை மற்றொன்று. அஃது நாம் விலக்கத்தக்கது. நாம் கட்டிய பள்ளியிற் பயின்ற பிள்ளை நாளை நமக்கு மாறாக வாக்களித்தாலும் நம் கொடை குறைவுபட்டதன்று. அப்பிள்ளை தானே எண்ணக் கற்றுக்கொண்டான் என்பதே அக்கொடையின் பயன்.

திருப்பணிக்கு ஈந்த பெருமக்களே! உங்கள் பெயர் கல்லிற் பொறிக்கப்பெறும், அது முறையே. குடமுழுக்குநாளில் விமானத்தின்மீது சொரியும் புனிதநீர், கீழே நிற்கும் எல்லார் தலையிலும் தெளிக்கப்பெறும். கல்லில் யார் பெயர் உண்டு, யார் பெயர் இல்லை என்று அந்நீர் கேட்பதில்லை. கல்சுமந்த தொழிலாளியும், கோலமிட்ட மூதாட்டியும், ஒரு கைப்பிடி அரிசி தந்த ஏழையும் உங்களோடு தோளொட்டி நின்று அந்நீரை ஏற்கும்போது, அவர்க்குச் சற்று இடம் விட்டு நில்லுங்கள். மருதனார்மடத்தில் இராமநாதப் பெருவள்ளலின் சமாதி உள்ளது. அவர் நிறுவிய அக்கல்லூரியிற் கற்ற பெண்கள், அவர் மறுத்த வாக்குரிமையையும் பெற்று வாழ்ந்தனர். அவர் கொடையினின்றும் அவரையே கடந்து அறம் வளர்ந்தது. அதனைக் கண்டு அவர் ஆன்மா இன்று மகிழும் என்றே அடியேன் நம்புகின்றேன்.

திருச்சிற்றம்பலம்